கடற்கரைச் சாலையில் வீடியோ ஜன்னல் வைத்தால் எதிரே யார் வந்து நிற்பார்கள்?

கேள்வி: ஜூன் 6, மாலை 6.15, மஞ்சக்குப்பம் வாசகர்

2024-இல் டப்ளின் தெருவில் ஒரு வட்டத் திரை, நியூயார்க் தெருவில் ஒரு வட்டத் திரை வைத்தார்கள். இங்கே நிற்பவரை அங்கே பார்க்கலாம், அங்கே நிற்பவரை இங்கே பார்க்கலாம். அவ்வளவுதான் விஷயம். இதைப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வைத்து பாரிஸோடு இணைக்க வேண்டும் என்று ஒரு நண்பர் பிடிவாதமாகச் சொல்கிறார். ஆளுக்கொரு வாட்ஸ்அப் கையில் இருக்கும்போது தெருவில் எதற்கு வீடியோ கால்? வெட்டிச் செலவு என்பது என் கட்சி. இந்தக் குழுவில் கல்யாணத்துக்கு எல்.இ.டி. திரை கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் என்ன சொல்கிறார்?

ஜூன் 6, இரவு 10.05

அந்த ஆள் நான்தான். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே திரை கட்டிப் பிழைக்கிறவன்.

செலவு என்று பார்த்தால் உங்கள் கட்சிக்கே வந்துவிடுவேன். மண்டபத்துக்குள் கட்டுகிற திரை கடற்கரை வெயிலில் வெறும் கறுப்புப் பலகை. வெளிச்சம் ஐந்து மடங்காவது வேண்டும். மழை புகாத பெட்டி வேண்டும். அதற்கும் மேல் உப்புக்காற்று. கடலூர் சில்வர் பீச்சில் ஒரு வாரம் நின்ற திரையை இறக்கிப் பார்த்தால் கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும்.

ஆனால் “வாட்ஸ்அப் இருக்கிறதே” என்ற வாதம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று யோசித்து எழுதுகிறேன். நாளை விடியற்காலையில் வில்லியனூரில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது.

ஜூன் 7, மதியம் 2.30

டப்ளின்தான் முதல் என்பதுபோலப் பேசுகிறோம். இல்லை. 1980 நவம்பரிலேயே கிட் காலோவே, ஷெர்ரி ராபினோவிட்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் இதைச் செய்துவிட்டார்கள். நியூயார்க்கில் லிங்கன் சென்டரில் ஒரு திரை. லாஸ் ஏஞ்சலிஸில் செஞ்சுரி சிட்டி என்ற இடத்தில் ஒரு பெரிய கடையின் கண்ணாடி ஜன்னலில் இன்னொரு திரை. நடுவே செயற்கைக்கோள். ‘ஹோல் இன் ஸ்பேஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு உருவம் தெரியும், குரலும் கேட்கும். மூன்று மாலைகள் மட்டும் நடந்தது.

முன்னறிவிப்பு இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ஸ்பான்சர் பேனர் இல்லை. முதல் மாலை அந்த வழியாகப் போனவர்கள் நின்று, “நீங்க எங்க இருக்கீங்க?” என்று ஒருவரையொருவர் கேட்டுத்தான் விஷயத்தையே கண்டுபிடித்தார்கள். இரண்டாம் மாலை கேள்விப்பட்டவர்கள் வந்தார்கள். மூன்றாம் மாலை, டிவி செய்தி பார்த்துவிட்டு எதிர் ஊர்ச் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே போன் போட்டு நேரம் சொல்லி வைத்துக்கொண்டு வந்த கூட்டம். இந்த மூன்றாம் மாலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேனர் இல்லை என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நம் ஊரில் திரை வருவதற்கு முன்பே திறந்துவைக்கிறவரின் பேனர் வந்துவிடும், திரை நிற்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு.

ஜூன் 7, இரவு 8.40

“செயற்கைக்கோள் என்றால் பேச்சு தள்ளித்தானே வரும்” என்று கேட்ட தம்பிக்கு. வரும். அந்த மாதிரிச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு தடவை மேலே போய்க் கீழே இறங்க ஏறக்குறைய கால் விநாடி. நீங்கள் கேட்டுப் பதில் வந்து சேர அரை விநாடி. இன்று கண்ணாடி இழையில் வெளிச்சம் விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. பாரிஸ் நேர்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர், 40 மில்லி விநாடிதான். கடலடிக் கேபிள் செங்கடல், சூயஸ் என்று சுற்றிக்கொண்டு பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்துக்குப் போனாலும் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. இப்போது வருகிற தாமதம் தூரத்தால் வருவதல்ல. படத்தைச் சுருக்கி விரிக்கிற பெட்டிகளால் வருவது.

யூடியூப் லைவ் இன்னும் மோசம். இங்கே கெட்டிமேளம் முடிந்து எல்லோரும் அட்சதை போட்டுவிட்டு உட்கார்ந்த பிறகு சிங்கப்பூர் சித்தப்பா போன் போட்டு, “இப்பத்தான் மாப்பிள்ளை தாலியைக் கையில வாங்குறார்” என்று நமக்கே வர்ணனை சொல்வார்.

ஜூன் 9, இரவு 11.20

மண்டபத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடலூர் முதுநகரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அண்ணனுக்கு குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. யூடியூப் வேண்டாம், அண்ணன் எங்களைப் பார்க்க வேண்டும், நாங்களும் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மேடைக்குப் பக்கத்தில் திரை கட்டி, இருவழி இணைப்புக் கொடுத்தேன். முகூர்த்தம் ஆறரை மணிக்கு. அங்கே விடியற்காலை நான்கு. அண்ணன் இரும்புக் கட்டிலில் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கிறார், புதுச் சட்டை. மேல்தட்டில் அவருடைய அறை நண்பர்கள் இரண்டு பேர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவர்களும் இஸ்திரி போட்ட சட்டையில், தலை சீவி, பொட்டு வைத்து. யாருடைய கல்யாணம் என்றுகூட அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

திரையின் மூலையில் நம் பக்கத்துப் படத்தையும் சின்னதாகப் போட்டிருந்தேன். அதுதான் வழக்கம். என்ன ஆயிற்று என்றால், வந்தவர்கள் எல்லோரும் அந்த மூலையையே பார்த்தார்கள். அத்தை பூவைச் சரிசெய்தார், சித்தி முந்தானையை இழுத்துவிட்டார், பையன்கள் மீசையைத் தடவினார்கள். அண்ணன் நடுத் திரையில் ஆளுயரத்துக்குக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார், பார்ப்பார் இல்லை. மூலைப் படத்தை அணைத்தேன். அப்புறம்தான் அம்மா நிமிர்ந்து பார்த்து, “என்னடா இப்படி இளைச்சுட்ட” என்றார்.

‘ஹோல் இன் ஸ்பேஸி’லும் தன் உருவம் தனக்குத் தெரியாதபடிதான் வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றே. இதைப் பின்னால் எங்கோ படித்தபோது அந்த மண்டபம் கண்ணுக்கு வந்தது. வாட்ஸ்அப் காலில் நம் முகம் எப்போதும் மூலையில் இருக்கிறது. தெரு ஜன்னலுக்கும் வீடியோ காலுக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான் என்று இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன். பெரிய வித்தியாசம் வேறு ஏதோ இருக்கிறது, பிடிபடவில்லை.

ஜூன் 10, காலை 6.50

லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கடலடியில் சுரங்கம் தோண்டி, கண்ணாடிகள் வைத்துப் பார்த்தார்களாமே என்று உண்மையாகவே ஒருவர் கேட்டிருக்கிறார். அண்ணே, அது கதை. 2008 மே மாதம் பால் செயின்ட் ஜார்ஜ் என்ற கலைஞர் லண்டன் டவர் பிரிட்ஜ் பக்கத்தில் ஒன்றும், நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துப் பக்கத்தில் ஒன்றுமாகப் பிரம்மாண்டமான பித்தளைக் குழாய்போல ‘டெலெக்ட்ரோஸ்கோப்’ என்று வைத்தார். கொள்ளுத்தாத்தா பாதியில் விட்ட சுரங்கத்தை முடித்துவிட்டேன் என்று அவரே ஒரு புராணமும் கட்டினார். உள்ளே இருந்தது இழைக் கேபிளும் கேமராவும்தான். சத்தம் கிடையாது. பலகையில் எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

புராணம் வேண்டுமானால் நமக்கா பஞ்சம். பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து செஞ்சிக் கோட்டை வரை சுரங்கப்பாதை இருக்கிறது என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்வார்கள்.

ஜூன் 11, இரவு 9.15

திரை முன்னால் யாராவது அசிங்கமாக நடந்துகொண்டால் என்ன செய்வது என்ற ஒழுக்கப் பிரச்சினைக்கு வருவோம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறீர்கள்.

டப்ளின்–நியூயார்க் திரை 2024 மே 8 அன்று திறந்தது. செய்தவர் லிதுவேனியாக்காரர், பெனெடிக்டாஸ் கிலிஸ். அதற்கு முன்பு 2021-இல் வில்னியஸ் ரயில் நிலையத்துப் பக்கம் ஒன்று, போலந்தின் லுப்லின் நகரச் சதுக்கத்தில் ஒன்று வைத்திருந்தார். கொரோனா அடங்காத நேரம். அங்கே பெரிய வம்பு எதுவும் இல்லை. டப்ளினில் ஒரு வாரம் தாங்கவில்லை. ஒருவர் இரட்டைக் கோபுரம் எரியும் படத்தைப் போனில் காட்டினார், நியூயார்க் பக்கம் ஒரு பெண் மேலாடையைத் தூக்கினார். மூடிவிட்டார்கள்.

“அதோடு ஒழிந்தது” என்று எழுதியவருக்கு: ஒழியவில்லை. மே 19-இலேயே மறுபடி திறந்தார்கள். யாராவது கேமராவை மறைக்கிறமாதிரி நெருங்கினால் இரண்டு பக்கமும் படம் மங்கிவிடும்படி செய்தார்கள். நேரத்தையும் குறைத்தார்கள். டப்ளினில் காலை 11 முதல் இரவு 9 வரை, நியூயார்க்கில் காலை 6 முதல் மாலை 4 வரை. அதாவது டப்ளின் மதுக்கடை மூடும் நேரத்துக்கு முன்பே ஜன்னல் சாத்திவிடும். அந்த ஆண்டு கடைசியில் நியூயார்க் திரை பிலடெல்பியாவுக்கு இடம் மாறியது.

புதுச்சேரிக்கு இந்தப் பாடம் ரொம்பப் பொருந்தும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் அந்தத் திரையை விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் ஆட்கள் மேலாடையைத் தூக்க மாட்டார்கள். கட்சிக் கொடியைத் தூக்குவார்கள், நடிகர் படத்தைத் தூக்குவார்கள். மூன்றாம் நாள் ஒருவர் கூகுள் பே கியூஆர் அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். பாரிஸில் யாராவது மொய் வைத்தாலும் வைப்பார்கள்.

ஜூன் 11, இரவு 9.40

சிரிப்பை விட்டுவிட்டு ஒன்று. பெண்பிள்ளைகள் அந்தத் திரை முன்னால் நிம்மதியாக நிற்க முடியுமா என்ற கேள்வியை இதுவரை எந்த ஆணும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் நிற்பவன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தால் மங்கலாக்கும் தந்திரம் எதுவும் உதவாது. என் தங்கை மகளிடம் கேட்டேன். “காந்தி சிலைகிட்ட நின்னா ஏற்கெனவே பத்துப் பேரு போட்டோவுல இருக்கேன் மாமா, இதுல என்ன புதுசு” என்றாள். அந்தப் பதில் எனக்குச் சமாதானமாக இல்லை.

ஜூன் 14, மாலை 5.30

பாரிஸ் யோசனையை வைத்து இரண்டு நாளாக மனத்துக்குள் திரையை நட்டுப் பார்த்தேன். கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்துவது மாலை ஆறு மணிக்கு. கோடையில் பாரிஸில் அப்போது இரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. சரி, நேரம் ஒத்துவருகிறது. பாரிஸில் எங்கே வைப்பது? ஈபில் கோபுரத்தடியில் என்பார்கள். அங்கே நிற்பவர்கள் யார்? ஊர் சுற்ற வந்த வெளிநாட்டுக்காரர்கள். இங்கே சனி, ஞாயிறு கடற்கரைச் சாலையில் நிற்பவர்கள் யார்? பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள். ஆக, புதுச்சேரியும் பாரிஸும் சந்திக்கும் ஜன்னல் என்று கல்வெட்டு வைத்துவிட்டு, கோரமங்களா பையனும் சியோல் பெண்ணும் கையசைத்துக்கொள்வார்கள். புதுச்சேரிக்காரர் அந்த நேரத்தில் நெல்லித்தோப்பில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார். பாரிஸ்காரர் தன் வீட்டில் இருப்பார்.

இடம்தான் எல்லாம். பாரிஸ் என்றால் லா ஷப்பல் பக்கம் தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவில் வைக்க வேண்டும். இங்கே முத்தியால்பேட்டை மணிக்கூண்டு. கடலூர் என்றால் சந்தேகமே இல்லை, சில்வர் பீச். அங்கே மாலையில் நிற்பது பெரும்பாலும் உள்ளூர்ச் சனம்தான், தேவனாம்பட்டினமும் மஞ்சக்குப்பமும் சுத்துப்பட்டு கிராமங்களும்.

ஜூன் 15, காலை 11.00

ஆனால் லா ஷப்பலிலும் முத்தியால்பேட்டையிலும் வைத்தால் இன்னொன்று நடக்கும். மூன்றாம் மாலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, இதற்காகத்தான்.

முன்பு எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்ற வரிசை போல இங்கேயும் வரிசை நிற்கும். அக்கா அங்கே நான்கு மணிக்கு வருவாள், அதற்குள் நீங்கள் நகருங்கள் என்று சண்டை வரும். பேரன் பார்க்க வேண்டும் என்று பாட்டியை நாற்காலியோடு தூக்கி வருவார்கள். மனதுக்கு நன்றாகத்தான் இருக்கும், பார்க்கிறவனுக்குக் கண் கலங்கும். ஆனால் இந்த இடத்தில் மஞ்சக்குப்பம் நண்பர் ஜெயித்துவிடுகிறார். அக்காவுக்கும் தம்பிக்கும் வாட்ஸ்அப் இருக்கிறது. அவர்களுக்குப் பெரிய திரை வேண்டுமென்றால் டிவியில் போட்டுக்கொள்ளலாம், சத்தத்தோடு. நம் சனத்துக்குப் பிரான்ஸ், வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் போன் நம்பர் இருக்கிற ஊர்கள். அந்த ஊர்களுக்கு ஜன்னல் வைத்தால் அது மறுபடியும் கல்யாண மண்டபம்தான்.

வேறு இரண்டு சோதனைகளையும் புரட்டினேன். 2014-இல் கப்பல் கன்டெய்னருக்குத் தங்க நிறம் அடித்து நியூயார்க்கிலிருந்து தெஹ்ரானுக்கு இணைத்தார்கள். உள்ளே தனியாகப் போய் நின்று, முன்பின் தெரியாத ஒருவரோடு நிதானமாகப் பேசலாம். 2019 நவம்பரில் அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் எல் பாசோ, ஹுவாரெஸ் இரண்டு ஊர்களிலும் ரபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் பெரிய தேடுவிளக்குகள் வைத்தார். இந்தப் பக்கத்து ஒளிக்கற்றையை அந்தப் பக்கத்துக் கற்றையோடு வானத்தில் முட்ட வைத்தால் இரண்டு பேருக்கும் நடுவே குரல் திறக்கும். முகமே தெரியாது. எனக்கு இருப்பதிலேயே இதுதான் பிடித்தது, திரை வாடகை இல்லை என்பது தொழில்ரீதியாக வருத்தம்தான் என்றாலும்.

இரண்டிலும் எதிரே நிற்பவரின் நம்பர் உங்கள் போனில் இல்லை. இருக்கவும் வழியில்லை. அங்கேதான் ஜன்னலுக்கு வேலை.

ஜூன் 19, இரவு 10.30

சரி, நம் ஊரிலிருந்து போய், நம்பர் இல்லாமல் போனவர்கள் யார்?

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள். 1848-இல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏராளம். பெரும்பாலோர் தமிழர். நம் கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் புதுச்சேரி எல்லையை ஒட்டியே இருக்கின்றன, நம் பக்கத்து ஆட்கள் அந்தக் கப்பலில் ஏறாமல் இருந்திருக்க மாட்டார்கள். அங்கே அவர்களை மலபார் என்கிறார்கள். பேச்சு கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி; படிப்பு பிரெஞ்சு. தமிழ் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது. செயின்ட் ஆந்த்ரே என்ற ஊரில் தீபாவளி ஊர்வலம் போகிறது.

புதுச்சேரியில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. அவருக்கும் ரீயூனியன்காரருக்கும் ஒரே பாஸ்போர்ட். அந்தத் தீவு 1946-லிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டம். இவருக்குப் பாரிஸில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரியும். ரீயூனியனில் ஒருவரையும் தெரியாது.

இங்கே சத்தமில்லாத ஜன்னல் குறையே இல்லை. சத்தம் இருந்தால் என்ன பேசுவது? அவர்களுக்குத் தமிழ் வராது, சில்வர் பீச்சில் சுண்டல் விற்கிறவருக்குக் கிரியோல் வராது. ஆனால் ஒரு பெண் வேப்பிலையோடு மஞ்சள் துணியில் அந்தப் பக்கம் நின்றால் இந்தப் பக்கத்து ஆயாவுக்கு யாரும் விளக்க வேண்டாம். நேரம்கூட வாகாக இருக்கிறது, அவர்கள் நமக்கு ஒன்றரை மணி நேரம்தான் பின்னால். நம் மாலை ஆறு அவர்களுக்கு நாலரை. இரண்டு பக்கமும் கடற்கரைக்கு ஆள் வருகிற நேரம்.

ஜூன் 20, காலை 7.10

“தொப்புள்கொடி உறவு என்று மேடை போட்டுப் பேசிக் கெடுத்துவிடுவார்களே” என்கிறார் காரைக்கால் அண்ணன். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அவர்கள் ஒன்றும் நம்மைத் தேடி அழுதுகொண்டிருக்கவில்லை. ஐந்தாறு தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள், நன்றாக இருக்கிறார்கள். நாம் சரியான தமிழர், நீங்கள் மறந்துபோன தமிழர் என்ற தோரணை திரையில் ஒரு விநாடி தெரிந்தாலும் போச்சு. அதனால்தான் முதல் மாலை பேனர் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம் என்கிறேன். எதிரே எந்த ஊர் என்றுகூட எழுதி வைக்கக் கூடாது. 1980-இல் செய்தார்களே, அதே மாதிரி. ஆட்களே கண்டுபிடிக்கட்டும்.

ஜூன் 20, மதியம் 1.45

கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். என் கணிப்பு: முதலில் இலங்கை என்பார்கள், அப்புறம் மொரீஷியஸ். யாராவது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் திரையில் ஓரமாகப் போகும் காரின் நம்பர் பலகையைப் பார்த்து கூகுளில் தேடிச் சொல்லிவிடுவான்.

ஜூன் 22, இரவு 9.00

மஞ்சக்குப்பம் நண்பர் இப்போது “சரி, சோதனைக்கு மட்டும்” என்று இறங்கி வந்திருக்கிறார். மாசி மகத்தில் வைக்கலாம் என்கிறார், தேவனாம்பட்டினத்தில் அன்றைக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. எனக்கு அது சரிப்படாது. ஜனவரி முதல் மார்ச் வரை ரீயூனியனுக்குப் புயல் காலம். நமக்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள், அதன் பிறகு பல கிராமங்களில் கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்பதையும். ஆக, வருஷத்தில் பாதி நாள் யாராவது ஒரு பக்கம் திரையைக் கழற்றி வைத்திருப்பார்கள்.

இரண்டு பேருக்கும் புயல் இல்லாத காலம் ஆடி, ஆவணி. திரை ஊரைப் பார்க்க வேண்டாம், மாலை வெயில் நேராக அடிக்கும். ஊருக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நிற்கட்டும். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை, பக்கத்தில் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் அணைக்கிற ஸ்விட்சோடு. அந்த ஆள் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது என்று தங்கை மகள் சொல்கிறாள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, என் திரைகளில் பாதி கிடங்கில் சும்மாதான் கிடக்கும். வாடகையில் குறைத்துத் தருகிறேன். வண்டிக் கூலியும் ஜெனரேட்டர் டீசலும் உங்கள் பொறுப்பு.